கவுண்டர் சாம்பிள்: சித்தம்பூண்டிக் கல்லும் சிவசக்தி முனை மண்ணும்

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளில் 'கவுண்டர் சாம்பிள்' என்று ஒன்று உண்டு. வெளிநாட்டு பையர் ஒரு பனியனையோ கையளவு துணியையோ அனுப்பி, "இதே மாதிரி செய்து காட்டுங்கள்" என்பார். நாங்கள் அதைப் பிரித்து மேய்ந்து, நூல் கவுண்ட் பார்த்து, வட்டமாக வெட்டி ஜிஎஸ்எம் எடை போட்டு, சாயப் பட்டறைக்கு லேப் டிப் சொல்லி, அதற்கு ஈடாக இன்னொன்று தைத்து அனுப்புவோம். அனுப்புவதற்கு முன்னால் இரண்டையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடை விளக்கில் கச்சிதமாகப் பொருந்துகிற நிறம் சில சமயம் பகல் வெளிச்சத்தில் பல்லைக் காட்டிவிடும். இரண்டிலும் வேறுவேறு சாயம் ஏறியிருந்தால் அப்படித்தான். பட்டறைக்காரர்கள் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். ஊத்துக்குளியில் ரயிலேறித் திருப்பூரில் இறங்கி, இந்த வேலையிலேயே பல வருஷம் ஓட்டியவன் நான்.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியது. அடுத்த நாளிலிருந்தே 'நிலா மண்ணும் நாமக்கல் மண்ணும் ஒன்று' என்று வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கியது. கொங்கு நாட்டுக்காரனுக்கு நெஞ்சு நிமிராமல் இருக்குமா? எனக்கும் நிமிர்ந்தது. கூடவே தொழில் புத்தி ஒரு கேள்வியும் கேட்டது: எந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து ஒன்று என்கிறார்கள்?

முதலில் செய்தியைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நிலவுக்கு ஒரு வண்டியை அனுப்புவதற்கு முன், அதன் சக்கரம் அங்கே புதையுமா, வழுக்குமா, மேடேறுமா என்று இங்கேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அதற்கு நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் வேண்டும். அமெரிக்காவில் ஜேஎஸ்சி-1 என்று ஒரு மாற்று மண் இருந்தது. அது அரிசோனாவின் எரிமலைச் சாம்பலில் செய்தது. நிலவில் கறுப்பாகத் தெரியும் சமவெளிகளுக்கு, அதாவது நம் வீட்டுப் பாட்டி வடை சுடும் இடத்துக்கு, அது பொருந்தும். வெள்ளையாகத் தெரியும் மேட்டு நிலத்துக்குப் பொருந்தாது. சந்திரயான்-2 இறங்க நினைத்தது தெற்கே உள்ள மேட்டு நிலத்தில். அமெரிக்க மண் கிலோவுக்கு 150 டாலர் ஆகும், தேவையோ 60, 70 டன் என்று பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர் மயில்சாமி அண்ணாதுரை பேட்டிகளில் கணக்குச் சொல்லியிருக்கிறார். கிலோ ஐந்தும் பத்துமாகப் பேரம் பேசிப் பழகிய ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே உள்நாட்டில் தேடினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையில் பேராசிரியர் அன்பழகன் குழுவினர் கைகாட்டிய இடம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும். அங்குள்ள அனார்த்தோசைட் என்னும் வெள்ளைப் பாறையை எடுத்து, உடைத்து, அரைத்து, சலித்து, பருமன் வாரியாகக் கலந்துதான் அந்த மண்ணைச் செய்தார்கள். பெங்களூரில் இருக்கும் இஸ்ரோவின் செயற்கைக்கோள் மையம், பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்ஐடி மூன்றிலும் இருந்தவர்கள் சேர்ந்து செய்த வேலை. செய்முறைக்கு 2014இல் விண்ணப்பித்து, 2020 மே மாதத்தில் காப்புரிமையும் வாங்கினார்கள். ஆக, சித்தம்பூண்டியில் நிலா மண் கிடக்கவில்லை. கிடப்பது கல். அதைத் தமிழ்நாட்டுக் கிரஷரில் போட்டு மண்ணாக்கியது மனிதர்கள். செய்திகளில் இந்தப் பாதி விட்டுப்போனது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் சாமர்த்தியம் முழுக்க அந்தப் பாதியில் இருக்கிறது.

சித்தம்பூண்டி எங்களுக்குத் தூரமில்லை. ஊத்துக்குளியிலிருந்து நேர்கோடு கிழித்தால் 50 கிலோமீட்டர் அளவில் கிழக்கே. பஸ்ஸில் போனால் ஈரோடு, திருச்செங்கோடு என்று சுற்றி, அங்கிருந்து தெற்கே பரமத்தி வேலூர்ப் பக்கம் இறங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சோளத்தட்டு காய்ந்துகொண்டிருந்த ஒரு காட்டோரம் வெள்ளைக் கற்கள் கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் நம் வெங்கச்சங்கல் என்றே நினைப்போம். கையில் எடுத்தால் இல்லை என்று தெரிந்துவிடும். வெங்கச்சங்கல் கண்ணாடிபோல் ஒரே வழவழப்பு. இது சர்க்கரைக் கட்டியைப்போல நெருநெருவென்று இருக்கிறது, நடுநடுவே எள்ளைத் தூவியதுபோலக் கருஞ்சாம்பல் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை மறந்துவிடாதீர்கள், பின்னால் அவற்றிடம் திரும்ப வருவேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கல்லெதுக்குங் தம்பி?" என்று கேட்டார். நிலாவில் இதே கல் இருக்கிறது என்றேன். "ஆமாங், அதுக்குத்தான் லாரியில கொண்டு போனாங்க" என்றார், மோர் விற்ற கதையைச் சொல்வதுபோல.

இந்தப் பாறை உலகத்துக்கு இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. நாமக்கல் தனி மாவட்டமாகாத காலத்தில், 'சேலம் மாவட்டம், சென்னை மாநிலம்' என்ற விலாசத்தோடு ஏ.பி. சுப்பிரமணியம் 1956இல் அமெரிக்க நிலவியல் கழக இதழில் சித்தம்பூண்டியைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். அப்போது நிலவிலிருந்து ஒரு பிடி மண்கூட வந்திருக்கவில்லை. ஈடு முதலில் தயார், அசல் பிறகுதான் வந்தது. எங்கள் தொழிலில் இப்படி நடக்க வழியே இல்லை.

அசல் வந்த கதை இது. 1969 ஜூலையில் அப்போலோ 11 இறங்கியது ஒரு கறுப்புச் சமவெளியில். கொண்டுவந்த மண்ணில் பெரும்பாலும் கறுப்புப் பசால்ட் துகள்கள். ஆனால் நடுவே கொஞ்சம் வெள்ளைப் பொடிக்கற்கள். ஜான் வுட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்த வெள்ளைத் துகள்களில் மாட்டிக்கொண்டார்கள். சமவெளியின் கல் கறுப்பாயிருக்க, இவை எங்கிருந்து வந்தன? தூரத்து மேட்டு நிலத்தில் எப்போதோ விண்கல் மோதித் தெறித்து வந்தவையாக இருக்க வேண்டும். அப்படியானால் நிலவின் வெள்ளை மேடுகள் எல்லாமே இந்தக் கல்தான். இவ்வளவு அனார்த்தோசைட் ஒரே இடத்தில் சேர, நிலவு முழுவதுமே ஒரு காலத்தில் உருகிக் கடலாகக் கிடந்திருக்க வேண்டும். 1970இல் அவர்கள் சொன்னதும், அதே சமயத்தில் ஜோசப் ஸ்மித் குழுவினர் தனியாகச் சொன்னதும் இந்த மேக்மாக் கடல் கருத்தைத்தான். சாப்பாட்டில் அகப்பட்ட ஒரு கல்லை வைத்து அரிசி எந்த ஊர்க் களத்தில் காய்ந்தது என்று சொல்வது மாதிரி. அதே 1970இல் பிரையன் விண்ட்லி, பூமியின் ஆதிகால அனார்த்தோசைட்டையும் நிலவினதையும் ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதினார். கிரீன்லாந்தின் ஃபிஸ்கெனேசெட்டும் நம் சித்தம்பூண்டியும் அந்த வகை ஒப்பீடுகளில் அன்றிலிருந்து சேர்ந்தே வரும் பெயர்கள்.

மேக்மாக் கடலை ஊத்துக்குளிக்காரனுக்கு விளக்குவது சுலபம். இந்த ஊர் பேர் பெற்றதே எருமைப் பால் வெண்ணெயால். வெண்ணெயை வாணலியில் போட்டு உருக்கினால் இலேசானது நுரையாக மேலே மிதக்கும், கனமானது கசண்டாக அடியில் தங்கும். நிலவு பிறந்த புதிதில், ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகளுக்கு முன், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிக் கிடந்தது. ஆற ஆற, ஒலிவின், பைராக்சீன் போன்ற கனத்த படிகங்கள் அடியில் போய் அடைந்தன. சுண்ணமும் அலுமினியமும் கலந்த பிளாஜியோகிளேஸ் இலேசானது. அது மிதந்து, மேலே வெள்ளை ஏடாகப் படிந்து, நிலவின் தோலாயிற்று. உவமையில் ஒரு ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். நுரை முதலில் வரும். பிளாஜியோகிளேஸ் அப்படி வரவில்லை; கடலில் முக்கால் பங்குக்குமேல் இறுகிய பிறகே அது படிகமாகத் தொடங்கியது.

இது அத்தனையும் அப்போலோ காலத்து மண்ணிலிருந்து கட்டிய கருத்து. அந்த மண் எல்லாம் நிலவின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அள்ளியது. தெற்கே உயர் அட்சரேகையில் விக்ரம் போகும்வரை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. விக்ரம் இறங்கிய சிவசக்தி முனை 69 டிகிரி தெற்கில் இருக்கிறது. (தென்துருவம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். துருவத்துக்கு இன்னும் 20 டிகிரி போக வேண்டும். அங்கே அதுவரை யாரும் பத்திரமாக இறங்கியதில்லை என்பதே போதுமான பெருமை.) 26 கிலோ எடையுள்ள பிரக்யான் வண்டி அங்கே நூறு மீட்டர் சொச்சம் ஊர்ந்தது. 23 இடங்களில் நின்று, ஏபிஎக்ஸ்எஸ் என்ற கருவியைக் கீழே இறக்கி, கியூரியம்-244 வீசும் கதிரை மண்ணில் காட்டி, திரும்பி வந்த எக்ஸ்-கதிரைக் கொண்டு எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் சந்தோஷ் வடவாலே குழு இந்த முடிவுகளை 2024 ஆகஸ்டில் நேச்சரில் வெளியிட்டது. 23 இடத்திலும் மண் கிட்டத்தட்ட ஒரே சீர். அடிப்படை, இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகை. மேக்மாக் கடல் சொன்னபடியே தெற்கும் இருந்தது.

ஒரு சின்ன வித்தியாசம் மட்டும். மெக்னீசியம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். அது கனத்த படிகங்களின் சரக்கு, அடியில் கிடக்க வேண்டியது. மேலே எப்படி வந்தது? சிவசக்தி முனையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டரில் தென்துருவ-எய்ட்கன் படுகையின் விளிம்பு. 2,500 கிலோமீட்டர் அகலப் பள்ளம், நிலவின் மிகப் பழைய காயம். அதைத் தோண்டிய மோதல் தோலைக் கிழித்து, அடியில் இருந்த சரக்கையும் வாரி இறைத்திருக்கிறது. வாணலியை யாரோ தட்டிவிட்டதில் கசண்டும் நெய்யோடு கலந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அதை வடிகட்டிப் போடோணும்" என்று பதில் வந்தது.

இனி அந்தக் கரும்புள்ளிகள். லைட் பாக்ஸில் இரண்டையும் வைத்துவிட்டோம்: சித்தம்பூண்டிக் கல், சிவசக்தி மண். தனிமக் கணக்கில் இரண்டும் உறவு. இரண்டிலும் பிளாஜியோகிளேஸ் மிகுதி. அதிலும் சுண்ணச் சத்து மிகுந்த வகை. சாதாரணமாகப் பூமியின் பிளாஜியோகிளேஸில் சோடியம் தாராளமாகக் கலந்திருக்கும். நிலவினதில் சோடியம் மிகக் குறைவு. சித்தம்பூண்டியிலும் குறைவு. இந்த ஒரு பொருத்தத்தால்தான் உலகத்தின் எத்தனையோ அனார்த்தோசைட்டுகளை விட்டுவிட்டு இதைத் தேடி வந்தார்கள்.

ஆனால் சோடியம் குறைந்த காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. நிலவில் சோடியமே அற்பம். பிறக்கும்போதே, அந்தப் பெருஞ்சூட்டில், ஆவியாகக்கூடியவை எல்லாம் பறந்துபோய்விட்டன. சோடியமும் போயிற்று, தண்ணீரும் பெரும்பகுதி போயிற்று. எஞ்சிய வறண்ட குழம்பிலிருந்து சுண்ணப் படிகம் பிறந்தது. சித்தம்பூண்டி அதற்கு நேர்மாறு. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் புகுந்த இடத்தில், தண்ணீர் நிறைந்த மேக்மாவிலிருந்து அது பிறந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குழம்பில் தண்ணீர் மிகுந்தால் பிளாஜியோகிளேஸ் தாமதமாகப் பிறக்கும், பிறக்கும்போது சுண்ணம் கூடிப் பிறக்கும். நான் பார்த்த கருஞ்சாம்பல் புள்ளிகள் பெரும்பாலும் ஹார்ன்பிளெண்ட் வகைக் கனிமம். தன் உடம்பிலேயே தண்ணீரைக் கட்டி வைத்திருப்பது அது. நிலவின் அனார்த்தோசைட்டில் அப்படிப் புள்ளி விழ வழியில்லை.

ஆக, இங்கே வெள்ளை தண்ணீரால் வந்தது, அங்கே வெள்ளை தண்ணீர் இல்லாததால் வந்தது. ஒரு வெளிச்சத்தில் ஒரே ஷேடு; வெளிச்சத்தை மாற்றினால் வேறு சாயம். கதித்தமலையில் அகத்தியருக்காக முருகன் வேலால் ஊற்று எடுத்ததால் ஊத்துக்குளி என்று பேர் வந்ததாகக் கதை சொல்லும் ஊரில் பிறந்தவனுக்கு, நம் பக்கத்துக் கல்லும் தண்ணீர்க் கல் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது.

பிறகும் சித்தம்பூண்டிக் கல் சும்மா இருக்கவில்லை. பூமிக்குள் ஆழத்துக்குப் போய், வெந்து, அழுந்தி, மடிந்து, மேலே வந்திருக்கிறது. கல்லுக்குள் குருந்தக் கல்லும் குரோமைட்டும் உண்டு. குரோமைட் அடுக்குகளில் பிளாட்டின வகை உலோகங்களையும் கண்டிருக்கிறார்கள். நிலவின் கல்லுக்கு இந்தச் சமையல் எதுவும் கிடையாது. அதற்கு வாய்த்தது அடி மட்டும்தான், கோடிக்கணக்கான ஆண்டுகளாக, மேலிருந்து.

அந்த அடியில்தான் மண் பிறந்தது. நம் கொரங்காட்டு மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மழை கரைத்தது, வேர் பிளந்தது, கறையான் புரட்டியது, ஓடை உருட்டியது. துகளின் மூலைகள் மழுங்கியிருக்கும். நிலவில் காற்றில்லை, மழையில்லை. பொடி விண்கற்கள் விழுந்து விழுந்து, நொறுக்கி, விழுந்த சூட்டில் சில துகள்களை உருக்கிக் கண்ணாடியாக ஒட்ட வைத்து, அந்தக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பொடியைப் பதித்துச் செய்த மண் அது. துகள் ஒவ்வொன்றும் உடைந்த பாட்டில் சில்லு மாதிரி கூர்மை. கிரஷர் உடைத்தாலும் கூர்மை வரும். அந்த வகையில் எம்-சாண்டு ஆற்று மணலைவிட நிலவுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் கண்ணாடி ஒட்டும் இரும்புப் பதிப்பும் கிரஷரில் வருமா?

இன்னொரு குறை எடை. பூமியில் எந்தப் பொருளும் நிலவில் இருப்பதைப்போல ஆறு மடங்கு கனக்கும். பெங்களூர்ச் சோதனைக் கூடத்தில் ஹீலியம் பலூனைக் கட்டி வண்டியின் கனத்தைக் குறைத்து ஓட்டினார்கள். வண்டிக்குப் பலூன் கட்டலாம், மண்ணின் ஒவ்வொரு துகளுக்கும் கட்ட முடியாது.

ஈடு எங்கே பொருந்தவில்லை என்பதைப் பிரக்யானின் சக்கரமே காட்டிக் கொடுத்தது. பின் சக்கரங்களில் நம் சிங்கச் சின்னமும் இஸ்ரோ முத்திரையும் புடைப்பாக வெட்டியிருந்தார்கள். மாற்று மண்ணில் ஓட்டியபோது முத்திரை அழகாக விழுந்தது. நிலவில் தெளிவாக விழவில்லை. நாடே அந்தப் படத்துக்குக் காத்திருந்தது. இங்கே மண் தூசியாக இல்லாமல் கட்டிகட்டியாக இருக்கிறது, எதுவோ இதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு அந்த மங்கல் தடம் மிகவும் பிடித்தது. கவுண்டர் சாம்பிளைப் பார்த்து பையர் எழுதி அனுப்பும் கமெண்ட் அது: 'கைக்கு உணர்வு வேறு, சரி செய்யவும்.' கமெண்ட் வராத சாம்பிளில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை.

சூட்டுக் கணக்கிலும் அசல் நம்மை ஏய்த்தது. சித்திரை வெயிலில் எங்கள் காட்டில் வெறுங்காலோடு நடக்க முடியாது, ஒரு சாண் தோண்டினால் பதமான சூடு. சிவசக்தி முனையில் சேஸ்ட் என்ற கருவி மண்ணில் குத்திப் பார்த்தது. மேலே 50 டிகிரிக்கும் மேல். 8 சென்டிமீட்டர் கீழே, நான்கு விரற்கடை ஆழத்தில், மைனஸ் 10. துகள்களுக்கு நடுவே காற்றே இல்லாததால் சூடு இறங்க வழியில்லை. எங்கள் வெண்ணெயை மேலே வைத்தால் உருகி ஓடும், கையளவு புதைத்தால் கல்லாகும். சித்தம்பூண்டி மண்ணைப் பெங்களூரில் எவ்வளவு கொட்டி வைத்தாலும் இந்த வித்தை அதனிடம் நடக்காது.

இவ்வளவு குறை சொன்னதால் சித்தம்பூண்டியைக் கீழிறக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதை எதற்கு வாங்கினார்களோ அதை அது செய்தது. சக்கரம் புதையவில்லை, வண்டி கவிழவில்லை. 2019 செப்டம்பர் 7இல் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி சந்திரயான்-2இன் லேண்டர் விழுந்தபோதும் குற்றம் இறங்கும் வேகக் கட்டுப்பாட்டில்தான், மண்ணில் இல்லை. ஆனால் 'இரண்டும் ஒன்று' என்ற ஒரே வரியில் முடித்துக்கொண்டால், 450 கோடி வருஷத்துக் கதை ஒன்றும் 250 கோடி வருஷத்துக் கதை ஒன்றும் கைநழுவிப் போகின்றன. நாமக்கல்லுக்குப் பெருமை வேண்டுமென்றால், நிலவைப்போல இருக்கிறது என்பதைக் காட்டிலும், நிலவுக்கு வாய்க்காத தண்ணீரில் பிறந்தும் அதைப்போல இருக்கிறது என்பது பெரிதல்லவா?

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை சந்திரயான்-4க்கு 2,104 கோடி ரூபாய் ஒதுக்கியது. போய், அள்ளி, திரும்பக் கொண்டுவரும் திட்டம். அது நடந்தால் நம் நாட்டு மேசை ஒன்றில் நாமே அள்ளிய அசலும் சித்தம்பூண்டி ஈடும் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

நான் எடுத்து வந்த கல் இப்போது பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கிறது. ராத்திரி கரண்ட் போனால் மாடிக்குக் கொண்டுபோய் நிலா வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அந்த வெளிச்சத்தில் புள்ளி தெரிவதில்லை, கல் முழுக்க ஒரே வெள்ளை. காலையில் ஜன்னலோரம் வைத்தால் எள்ளுப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்துவிடுகின்றன.